ஹேவ், ஹேவ் பீன்: குமரி மாவட்டத்தில் ஆங்கிலம் பேசிப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

"ஹௌ லாங் ஹேவ் யூ பீன் ஒர்க்கிங் தேர்?"

வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு நேர்காணல் என்றால் இந்தக் கேள்வி வந்தே தீரும். கப்பல் வேலைக்கும் வரும், பெங்களூரு கம்பெனி வேலைக்கும் வரும். கன்னியாகுமரி கடற்கரையில் சங்கும் பாசிமாலையும் விற்கும் கடைக்காரரிடம் ஒரு வெளிநாட்டுப் பயணி பேச்சுக் கொடுத்தாலும் இரண்டாவது, மூன்றாவது கேள்வியாக இதைத்தான் கேட்பார். நம் ஆட்களிடமிருந்து பெரும்பாலும் வரும் பதில்: "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்."

கேட்டவருக்குப் புரியும். ஆனால் அந்தச் சின்ன வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்பதுதான் சரி.

பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் திருத்துவது சுலபம். தமிழில் "அஞ்சு வருஷமா இங்க வேலை பாக்கேன்" என்று நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறோம். அதை அப்படியே தூக்கி வைத்தால் "ஐ ஆம் ஒர்க்கிங்" என்றுதான் வரும். பள்ளியில் கோடிட்ட இடங்களை நிரப்பி முழு மதிப்பெண் வாங்கியவர்களும் வாயைத் திறந்தால் இதைத்தான் சொல்கிறார்கள். தாளில் பழகியது தாளில் நிற்கிறது. பிரசென்ட் பெர்ஃபெக்ட், பிரசென்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் இரண்டையும் உங்கள் சொந்த வேலை, சொந்த வீடு, சொந்த நாளை வைத்து வாய்விட்டுத்தான் பழக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான வழியைக் கீழே சொல்கிறேன்.

முதல் படி: நேரம் முடிந்ததா, இன்னும் ஓடுகிறதா?

வாயைத் திறக்கும் முன் ஒரே ஒரு கேள்வி போதும். நான் சொல்லப்போகும் விஷயத்தின் நேரம் முடிந்துபோனதா, இல்லை இந்த நிமிடம் வரை வந்து நிற்கிறதா? முடிந்துபோனது என்றால் சாதாரண இறந்தகாலம்: வென்ட், சா, பாட். இந்த நிமிடம் வரை வருகிறது என்றால் ஹேவ் அல்லது ஹேஸ்.

இந்த நிமிடம் வரை வருவதிலும் மூன்று வகை உண்டு. காரியம் முடிந்துவிட்டது, அதன் பலன் இப்போது கண்முன் இருக்கிறது என்பது ஒன்று. சாவி தொலைந்துவிட்டது, இப்போது வாசலில் நிற்கிறோம்: "ஐ ஹேவ் லாஸ்ட் தி கீ." நாம் பேச்சில் சொல்லும் "சாப்பிட்டாச்சு", "வந்துட்டேன்", "பஸ் போயிடுச்சு" எல்லாம் அநேகமாக இந்த வகைதான். வாழ்நாளில் எப்போதாவது ஒருமுறை நடந்தது என்பது இரண்டாவது: "ஐ ஹேவ் சீன் எ வேல்." திமிங்கிலத்தைப் பார்த்திருக்கிறேன், எப்போது என்பது இங்கே பேச்சில்லை. முன்பு தொடங்கி இன்னும் நடப்பது மூன்றாவது. ஐந்து வருட வேலை இந்த வகை.

இரண்டாவது வகையில்தான் நமக்கு ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. தமிழில் "மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போயிருக்கேன்" என்று சொல்லலாம், "போன ஓணத்துக்கு மாத்தூர் போயிருக்கேன்" என்றும் சொல்லலாம். நாள், கிழமை, வருஷம் எதைச் சேர்த்தாலும் "போயிருக்கேன்" அசையாது. ஆங்கிலத்தில் அது நடக்காது. முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொன்ன உடனே ஹேவ் விலகிவிட வேண்டும். "ஐ ஹேவ் பீன் டு மாத்தூர்" சரி. "ஐ ஹேவ் பீன் டு மாத்தூர் லாஸ்ட் ஓணம்" தவறு. "ஐ வென்ட் டு மாத்தூர் லாஸ்ட் ஓணம்" என்று மாற வேண்டும்.

நேர்காணலுக்குப் பலரும் மனப்பாடம் செய்துவைத்திருக்கும் சுய அறிமுகத்தில் இந்தப் பிழை தவறாமல் இருக்கிறது. "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2018." வருஷத்தைச் சொல்லிவிட்டீர்கள், அது முடிந்த வருஷம். ஆகவே "ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2018." வருஷம் வேண்டாம் என்றால் "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி" என்று நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் அறிமுகப் பத்தியை இன்றே எடுத்து, வருஷமோ தேதியோ உள்ள ஒவ்வொரு வாக்கியத்திலும் ஹேவ் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு நுணுக்கம். "திஸ் மார்னிங்", "டுடே", "திஸ் வீக்", "திஸ் இயர்" எல்லாம் இரண்டு பக்கமும் சாயும். காலை பத்து மணிக்குப் பேசுகிறீர்கள் என்றால் காலை இன்னும் முடியவில்லை: "ஐ ஹேவ் ட்ரங்க் டூ கப்ஸ் ஆஃப் டீ திஸ் மார்னிங்." மாலையில் அதையே சொன்னால் காலை போய்விட்டது: "ஐ ட்ரேங்க் டூ கப்ஸ் ஆஃப் டீ திஸ் மார்னிங்." சொல் ஒன்றுதான், கடிகாரம்தான் மாறியது.

கல்ஃப் போயிருக்கார்: கானா, பீனா?

நம் மாவட்டத்தில் பல வீடுகளில் ஒருவராவது வெளிநாட்டில் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "அப்பா கல்ஃப் போயிருக்காரு" என்று சொன்னால் இரண்டு பொருள் வரும். இப்போது அங்கே இருக்கிறார் என்பது ஒன்று, முன்பு போய்வந்த அனுபவம் இருக்கிறது என்பது இன்னொன்று. பேசும் இடத்தை வைத்து நாம் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல்.

"மை ஃபாதர் ஹேஸ் கான் டு தி கல்ஃப்": போனவர் இன்னும் திரும்பவில்லை. "மை ஃபாதர் ஹேஸ் பீன் டு தி கல்ஃப்": போனார், வந்துவிட்டார். அப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது "ஹி ஹேஸ் கான்" என்று சொன்னால் கேட்பவர் குழம்பிப்போவார். அதே காரணத்தால் உங்களைப் பற்றி நீங்களே பேசும்போது "ஐ ஹேவ் கான் டு சென்னை" என்பது அநேகமாக வரவே வராது. பேசிக்கொண்டிருக்கும் நீங்கள் இங்கே இருக்கிறீர்களே! "ஐ ஹேவ் பீன் டு சென்னை" என்றே சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்களை வைத்தே பழகலாம். தம்பி கடைக்குப் போனான், இன்னும் வரவில்லை: "ஹி ஹேஸ் கான் டு தி ஷாப்." பையோடு வந்துவிட்டான்: "ஹி ஹேஸ் பீன் டு தி ஷாப்." அம்மா கோயிலுக்கு, அண்ணன் மார்த்தாண்டம் சந்தைக்கு, பாட்டி ஜெபக்கூட்டத்துக்கு என்று ஆள் வெளியே போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று சொல்லிக்கொண்டே இருங்கள்.

இரண்டாம் படி: அச்சு

இது சின்ன வேலை. ஐ, யூ, வி, தே என்றால் ஹேவ். ஹி, ஷி, இட் என்றால் ஹேஸ். அதன்பின் வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம், பள்ளியில் வி த்ரீ என்று சொல்லித்தந்தது. கன்டினியூவஸ் என்றால் ஹேவ் பீன் அல்லது ஹேஸ் பீன், அதோடு இங் சேர்ந்த வினை. கேள்வியில் ஹேவ் முன்னால் வரும்: "ஹேவ் யூ ஃபினிஷ்ட்?" மறுப்புக்கு ஹேவ்ன்ட், ஹேஸ்ன்ட்.

மூன்றாம் வடிவப் பட்டியலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். பாதியில் சலிப்பு வந்துவிடும். உங்கள் வேலைக்குத் தேவையான சுமார் இருபது வினைகளை மட்டும் எடுங்கள். கடல் தொழில் குடும்பம் என்றால் கோ, வென்ட், கான். கேட்ச், காட், காட். செல், சோல்ட், சோல்ட். ப்ரிங், ப்ராட், ப்ராட். வலை கிழிவதற்கு டேர், டோர், டோர்ன். நர்ஸ் என்றால் கிவ், கேவ், கிவன். டேக், டுக், டேக்கன். ரைட், ரோட், ரிட்டன். ஈட், ஏட், ஈட்டன். ஸ்லீப், ஸ்லெப்ட், ஸ்லெப்ட். கம் என்பதில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: கம், கேம், கம். "ஹி ஹேஸ் கேம்" என்பது நம் பக்கம் அடிக்கடி காதில் விழும் பிழை, "ஹி ஹேஸ் கம்" என்பதே சரி.

பேச்சில் ஐ ஹேவ் என்பது "ஐவ்" என்றும், ஹி ஹேஸ் என்பது "ஹீஸ்" என்றும் சுருங்கும். ஹி இஸ் என்பதும் "ஹீஸ்" என்றே ஒலிக்கும் என்பதால் பின்னால் வரும் சொல்லைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். "ஹீஸ் ஈட்டன்" என்றால் ஹேஸ், "ஹீஸ் ஈட்டிங்" என்றால் இஸ். பேசும்போது ஆரம்பத்தில் சுருக்க வேண்டாம், முழுதாகச் சொல்லிப் பழகுங்கள். காதுக்கு மட்டும் சுருக்கத்தைப் பழக்குங்கள்.

மூன்றாம் படி: சின்ஸ், ஃபார்

சின்ஸ் என்றால் தொடங்கிய இடம். மண்டே, 2015, மார்னிங், மை மேரேஜ் என்று காலண்டரிலோ கடிகாரத்திலோ விரல் வைத்துக் காட்டக்கூடியது. ஃபார் என்றால் நீளம். டூ அவர்ஸ், டென் டேஸ், எ லாங் டைம் என்று எண்ணக்கூடியது. "சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" தவறு, ஏனென்றால் ஐந்து வருஷம் என்பது நீளம். "ஃப்ரம் மார்னிங் ஐ ஆம் வெயிட்டிங்" என்பதும் "காலையிலேர்ந்து" என்பதன் நேர்ப்பெயர்ப்பு. "ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் சின்ஸ் மார்னிங்" என்று மாற்றுங்கள்.

இதைப் பழக நம் மாவட்டமே நல்ல பாடநூல். ஊரில் உள்ள ஒவ்வொரு பெரிய அடையாளத்துக்கும் ஒரு வருஷம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். எப்போது நடந்தது என்பதற்கு இறந்தகாலம், எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதற்கு ஹேஸ்.

திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது: "தி ஸ்டாச்சு வாஸ் ஓப்பன்ட் ஆன் தி ஃபர்ஸ்ட் ஆஃப் ஜானுவரி 2000. இட் ஹேஸ் ஸ்டுட் ஹியர் சின்ஸ் தென்." பக்கத்துப் பாறையில் விவேகானந்தர் நினைவு மண்டபம் 1970இல் திறக்கப்பட்டது: "பீப்பிள் ஹேவ் பீன் விசிட்டிங் இட் சின்ஸ் 1970." இரண்டு பாறைகளையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30இல் திறக்கப்பட்டது. "ஹேவ் யூ வாக்ட் ஆன் தி கிளாஸ் பிரிட்ஜ் யெட்?" என்று யாரையும் கேட்கலாம். பேச்சிப்பாறை அணை 1906இலும் மாத்தூர் தொட்டிப்பாலம் 1966இலும் கட்டி முடிந்தவை. "தி டேம் ஹேஸ் கிவன் அஸ் வாட்டர் ஃபார் மோர் தென் எ ஹன்ட்ரட் இயர்ஸ்." 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்தது: "வி ஹேவ் பீன் எ பார்ட் ஆஃப் திஸ் ஸ்டேட் சின்ஸ் 1956." 2019இல் நாகர்கோவில் மாநகராட்சி ஆனது: "இட் ஹேஸ் பீன் எ கார்ப்பரேஷன் சின்ஸ் 2019." சுற்றுலா வழிகாட்டியாகவோ ஆட்டோ, டாக்ஸி ஓட்டுநராகவோ இருப்பவர்கள் இந்த ஜோடி வாக்கியங்களை அப்படியே தொழிலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னும் நல்ல பயிற்சி மீன்பிடித் தடைக்காலத்தில் கிடைக்கிறது. விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரைத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டும் உண்டு. ஜூன் 10ஆம் தேதி சின்னமுட்டத்தில் நின்று பேசினால் "தி போட்ஸ் ஹேவ் பீன் இன் தி ஹார்பர் சின்ஸ் ஏப்ரல் 15." அதே நாளில் குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ நின்றால் "சின்ஸ் ஜூன் 1." இப்போது ஃபார் போட்டுச் சொல்லிப் பாருங்கள். சின்னமுட்டத்தில் "ஃபார் ஆல்மோஸ்ட் டூ மன்த்ஸ்", குளச்சலில் "ஃபார் டென் டேஸ்." இப்படி ஒரே செய்தியை இரண்டு விதமாகவும் மாற்றிச் சொல்லப் பழகினால் சின்ஸ், ஃபார் குழப்பம் தானாகக் கழன்றுவிடும்.

நான்காம் படி: எவ்வளவு நேரமாக, எத்தனை

இரண்டு காலங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஒருவரின் காலையை வைத்துப் பார்ப்போம். விடியும் முன்னே தோட்டத்துக்குப் போய்விடுகிறார். ஏழு மணிக்கு யாரோ கேட்கிறார்கள். எவ்வளவு நேரமாக என்பதற்கு: "ஐ ஹேவ் பீன் டாப்பிங் சின்ஸ் ஃபைவ் ஓ க்ளாக்." எத்தனை மரம் என்பதற்கு: "ஐ ஹேவ் டாப்ட் எ ஹன்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி ட்ரீஸ்." காரியம் ஓடிக்கொண்டிருப்பதைக் காட்ட ஹேவ் பீன், இதுவரை முடிந்த கணக்கைக் காட்ட ஹேவ். எண்ணிக்கை சொன்னால் ஹேவ் பீன் வராது. "ஐ ஹேவ் பீன் டாப்பிங் எ ஹன்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி ட்ரீஸ் திஸ் மார்னிங்" என்று சொல்வதில்லை.

ஆஸ்பத்திரியில் இந்த ஜோடி தினமும் தேவைப்படும். ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளியைப் பற்றிச் சொல்கிறீர்கள்: "ஹி ஹேஸ் பீன் வாமிட்டிங் சின்ஸ் லாஸ்ட் நைட். ஹி ஹேஸ் வாமிட்டட் த்ரீ டைம்ஸ். ஐ ஹேவ் இன்ஃபார்ம்ட் தி டாக்டர். தி டாக்டர் சா ஹிம் அட் சிக்ஸ்." நான்கு சின்ன வாக்கியம். முதலாவது எவ்வளவு நேரமாக, இரண்டாவது எத்தனை தடவை, மூன்றாவது செய்தாகிவிட்டது, நான்காவது மணி சொன்னதால் இறந்தகாலம். இந்த நான்கும் தடுமாறாமல் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்குப் படிப்பவர்கள், நோயாளியோடு பேசுவதுபோல நடிக்கும் பகுதிக்கு இந்த மாதிரிக் கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "ஹௌ லாங் ஹேவ் யூ ஹேட் திஸ் பெயின்?" "ஹேவ் யூ டேக்கன் எனி மெடிசின்?" "வென் டிட் யூ டேக் இட்?"

முதல் கேள்வியில் ஹேவ் யூ ஹேட் என்று வந்ததைக் கவனித்திருப்பீர்கள். சில வினைகள் செயலைச் சொல்வதில்லை, நிலையைச் சொல்கின்றன. நோ, லைக், வான்ட், நீட், பிலீவ், அண்டர்ஸ்டாண்ட், ஓன், வைத்திருப்பது என்ற பொருளில் ஹேவ் ஆகியவை இங் வேண்டாம் என்று சொல்லும் கூட்டம். "ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம்" என்று வராது. எவ்வளவு காலம் ஆனாலும் "ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் ட்வென்டி இயர்ஸ்" மட்டும்தான். ஒர்க், லிவ் போன்ற சிலவற்றுக்கு இரண்டும் பொருந்தும். "ஐ ஹேவ் லிவ்ட் இன் தக்கலை ஃபார் டென் இயர்ஸ்", "ஐ ஹேவ் பீன் லிவிங் இன் தக்கலை ஃபார் டென் இயர்ஸ்" இரண்டுமே சரி. இதில் எது நல்லது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஹேவ் பீன் வரும் இன்னொரு இடம், அடையாளத்தைப் பார்த்து நடந்ததைச் சொல்வது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் இதற்குப் பஞ்சமில்லை. கதவைத் திறந்தால் முற்றம் நனைந்து கிடக்கிறது, மழை நின்றுவிட்டது. "மழை பெய்திருக்கு" என்கிறோம். ஆங்கிலத்தில் "இட் ஹேஸ் பீன் ரெயினிங்." கண் சிவந்திருக்கிறது: "ஹேவ் யூ பீன் க்ரையிங்?" கையெல்லாம் மாவு: "ஐ ஹேவ் பீன் மேக்கிங் ஆப்பம்." காரியம் நின்றபின்னும் அதன் தடயம் தெரிவதால் ஹேவ் பீன் வருகிறது. வகுப்பில் இதை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள், பேச்சில் அடிக்கடி வேண்டும்.

ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் மூன்றையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். "ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்", இப்பத்தான் சாப்பிட்டேன். "ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்", ஏற்கெனவே சாப்பிட்டாச்சு. "ஐ ஹேவ்ன்ட் ஈட்டன் யெட்", இன்னும் சாப்பிடலை. யெட் கடைசியில் வரும், கேள்வியிலும் மறுப்பிலும். அமெரிக்கப் படங்களில் "டிட் யூ ஈட் யெட்?" என்று கேட்டுவிட்டுக் குழம்ப வேண்டாம். அமெரிக்கப் பேச்சில் இது சகஜம். நம் பாடத்திட்டமும் இங்கிலாந்து வேலைக்கான நேர்காணலும் ஹேவ் பக்கம் என்பதால் அதிலேயே நில்லுங்கள்.

ஐந்தாம் படி: தினசரிப் பழக்கம்

பழகுவதற்குத் தனி நேரம் ஒதுக்க முடியாதவர்கள்தான் அதிகம். ஆகவே ஏற்கெனவே இருக்கும் நேரத்தில் இதை நுழைக்க வேண்டும்.

பஸ்ஸில் போகும்போது சுற்றிலும் பார்த்து மனதுக்குள் சொல்லுங்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறீர்கள்: "ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் ட்வென்டி மினிட்ஸ். டூ பஸ்ஸஸ் ஹேவ் கான். மை பஸ் ஹேஸ்ன்ட் கம் யெட்." பஸ் வந்து ஏறியாயிற்று: "தி பஸ் ஹேஸ் கம். ஐ ஹேவ் காட் எ சீட்." இடம் கிடைக்கவில்லை என்றால் "ஐ ஹேவ்ன்ட் காட் எ சீட்." ஒன்றும் எழுத வேண்டாம்.

ராத்திரி படுக்கும் முன் மூன்றே வாக்கியம், ஆனால் சத்தமாக. இன்று என்ன செய்து முடித்தேன், என்ன வேலை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது, எத்தனை மணிக்கு என்ன செய்தேன். "ஐ ஹேவ் வாஷ்ட் ஆல் தி க்ளோத்ஸ் டுடே. ஐ ஹேவ் பீன் ரீடிங் ஃபார் தி எக்ஸாம் திஸ் வீக். ஐ கால்ட் மை சிஸ்டர் அட் ஃபோர்." மூன்றாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஹேவ் போடக் கூடாத இடத்தையும் வாய் பழக வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் எல்லா வாக்கியத்திலும் ஹேவ் ஒட்டத் தொடங்கிவிடும்.

துணைக்கு ஒருவர் கிடைத்தால் மிக நல்லது. அக்கா தங்கை, ஹாஸ்டல் தோழிகள், கணவன் மனைவி யாராக இருந்தாலும் சரி. ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்ல, அந்தப் பதிலிலிருந்து அடுத்த கேள்வி பிறக்க வேண்டும்.

"ஹேவ் யூ எவர் பீன் டு பத்மநாபபுரம் பேலஸ்?"
"யெஸ், ஐ ஹேவ்."
"வென் டிட் யூ கோ?"
"ஐ வென்ட் வித் மை காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் இன் 2022."
"ஹேவ் யூ பீன் தேர் அகெய்ன் சின்ஸ் தென்?"
"நோ, ஐ ஹேவ்ன்ட்."

ஹேவில் தொடங்கி, வென் டிட் என்று இறங்கி, மறுபடி ஹேவுக்கு ஏறும் இந்த ஓட்டம்தான் இயல்பான ஆங்கிலப் பேச்சு. நான் தரக்கூடிய பயிற்சிகளில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன். இடத்தை மாற்றி, சாப்பாட்டை மாற்றி, வேலையை மாற்றிச் செய்துகொண்டே இருக்கலாம். "ஹேவ் யூ எவர் ஈட்டன் மட்டிப்பழம்?" என்று வெளியூர்த் தோழியிடம் கேளுங்கள், பேச்சு தானாக நீளும்.

ஆள் இல்லை என்றால் கைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்கும்போது எல்லாப் பிழையையும் தேட வேண்டாம். இந்த வாரம் "சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" வகைப் பிழை மட்டும். அடுத்த வாரம் முடிந்த நேரத்தோடு ஹேவ் வருகிறதா என்பது மட்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பிடிக்கப் போனால் பேச்சே நின்றுவிடும், அதைத்தான் பலரிடம் பார்க்கிறேன்.

நேர்காணலுக்கும் ஐஇஎல்டிஎஸ்ஸுக்கும்

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸில் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதி. முதல் பகுதியில் ஊர், வீடு, வேலை, படிப்பு பற்றிக் கேட்பார்கள். இரண்டாவதில் ஒரு தலைப்புக் கொடுத்து ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். நீங்கள் பயன்படுத்தும் இலக்கணத்தின் வகையும் பிழையின்மையும் மதிப்பிடப்படும் நான்கு அம்சங்களில் ஒன்று. எல்லா வாக்கியமும் ஐ ஆம், ஐ கோ, ஐ லைக் என்றே போனால் மதிப்பெண் ஏறாது. இந்த இரண்டு காலங்களும் இயல்பாக ஓரிரு இடத்தில் வந்தாலே பேச்சின் தரம் தெரியும்.

"டெல் மீ அபவுட் யுவர் ஹோம்டவுன்" என்றால் இப்படி: "ஐ லிவ் இன் கருங்கல். மை ஃபேமிலி ஹேஸ் லிவ்ட் தேர் ஃபார் த்ரீ ஜெனரேஷன்ஸ். இட் ஹேஸ் சேஞ்ச்ட் எ லாட். வென் ஐ வாஸ் எ சைல்ட், தேர் வேர் ஒன்லி எ ஃப்யூ ஷாப்ஸ்." முதல் வாக்கியம் இப்போதைய நிலை, அடுத்த இரண்டும் ஹேஸ், கடைசியில் சிறுவயது என்பதால் வேர். வேலை பற்றிக் கேட்டால்: "ஐ ஆம் எ ஸ்டாஃப் நர்ஸ். ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் இன் தி ஐசியூ சின்ஸ் 2021. பிஃபோர் தட், ஐ ஒர்க்ட் இன் தி ஜெனரல் வார்ட் ஃபார் டூ இயர்ஸ்." கடைசி வாக்கியத்தில் ஃபார் இருந்தும் ஹேவ் இல்லை. ஜெனரல் வார்ட் வேலை முடிந்துவிட்டது, அதனால்தான். ஃபார் கண்ட இடத்திலெல்லாம் ஹேவ் போட வேண்டும் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள், மறுபடி நேரத்தையே பாருங்கள். ஊர், வார்ட், வருஷம் எல்லாவற்றையும் உங்களுடையதாக மாற்றிச் சொல்லிப் பாருங்கள். இதையே வரிக்கு வரி ஒப்பித்தால் தேர்வாளர் கண்டுபிடித்துவிடுவார்.

ஆறாம் படி: இவற்றை ஆங்கிலத்தில் சொல்லுங்கள்

பிறகு வரும் விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள்.

காலையிலேர்ந்து கரண்ட் இல்லை.
போன ஞாயிற்றுக்கிழமை திற்பரப்புக்குப் போயிருந்தோம்.
அவளைச் சின்ன வயசிலேர்ந்தே எனக்குத் தெரியும்.
அண்ணன் துபாய் போயிருக்கான், அடுத்த மாசம் வருவான்.
தோவாளை அக்கா விடியக்காலையிலேர்ந்து பூ கட்டுறாங்க, இதுவரை முப்பது மாலை கட்டியிருக்காங்க.
மூணு நாளா மழை.
இந்த வீடு வாங்கி ஆறு வருஷம் ஆச்சு.

முதலாவது: "தேர் ஹேஸ் பீன் நோ பவர் சின்ஸ் மார்னிங்." இரண்டாவதில் கிழமை இருக்கிறது, ஹேவ் கிடையாது: "வி வென்ட் டு திற்பரப்பு லாஸ்ட் சண்டே." மூன்றாவது நிலைவினை: "ஐ ஹேவ் நோன் ஹெர் சின்ஸ் சைல்ட்ஹுட்." நான்காவது, ஆள் இன்னும் அங்கேதான்: "மை பிரதர் ஹேஸ் கான் டு துபாய்." ஐந்தாவதில் பாதிக்கு ஹேஸ் பீன், பாதிக்கு ஹேஸ்: "ஷி ஹேஸ் பீன் மேக்கிங் கார்லண்ட்ஸ் சின்ஸ் டான். ஷி ஹேஸ் மேட் தர்ட்டி ஸோ ஃபார்." ஆறாவது: "இட் ஹேஸ் பீன் ரெயினிங் ஃபார் த்ரீ டேஸ்."

ஏழாவதில் நன்றாகப் பேசுகிறவர்களும் "வி ஹேவ் பாட் திஸ் ஹவுஸ் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" என்று சொல்லிவிடுகிறார்கள். வீடு வாங்குவது ஒருநாள் நடந்து முடிந்த காரியம், ஆறு வருஷமாக யாரும் வாங்கிக்கொண்டிருப்பதில்லை. ஆறு வருஷமாக நீள்வது வீடு நம்மிடம் இருப்பது. ஆகவே "வி பாட் திஸ் ஹவுஸ் சிக்ஸ் இயர்ஸ் அகோ", இல்லாவிட்டால் "வி ஹேவ் ஹேட் திஸ் ஹவுஸ் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்." கல்யாணத்துக்கும் இதே கணக்கு: "வி காட் மேரீட் சிக்ஸ் இயர்ஸ் அகோ" அல்லது "வி ஹேவ் பீன் மேரீட் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்." வேலையில் சேர்ந்தது, ஊருக்குக் குடிவந்தது, பைக் வாங்கியது, படிப்பை முடித்தது என்று உங்கள் வீட்டில் நடந்த இப்படிப்பட்ட காரியங்கள் ஒவ்வொன்றையும் அகோ போட்டு ஒருமுறையும் ஃபார் போட்டு ஒருமுறையும் சொல்லிப் பாருங்கள். அகோ சொல்லும்போது நடந்த காரியம், ஃபார் சொல்லும்போது அதன்பின் தொடரும் நிலை. பைக்கை வைத்துத் தொடங்கலாம்: "ஐ பாட் மை பைக் டூ இயர்ஸ் அகோ. ஐ ஹேவ் ஹேட் இட் ஃபார் டூ இயர்ஸ்."